மேட்ச் ஆகிறதா?

கேள்வி: ஜோடிப் பொருத்தமும் மேட்ச், கிரிக்கெட்டும் மேட்ச், தீக்குச்சியும் மேட்ச். ஆங்கிலத்தில் அவ்வளவு சொற்பஞ்சமா? (சாத்தூர் வாசகி)

பட்டாசுக்கு வைப்பதும் திரி, தெருத்தெருவாக அலைவதும் திரி. நமக்கென்ன பஞ்சம் தாயீ?

உண்மையில் மேட்ச் ஒரு சொல் அல்ல, இரண்டு. ஜோடியும் போட்டியும் 'இணை' என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தவை. தீக்குச்சி மேட்ச் வேறு வீட்டுப் பிள்ளை. விளக்குத் திரியைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது. வாணவேடிக்கைத் திரிக்கு இன்றும் ஆங்கிலத்தில் 'பிளாக் மேட்ச்' என்றே பெயர். உங்கள் ஊர்ப் பக்கம் பலகையில் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். வேலைக்குப் போகிற அக்காக்கள் சொல்வதோ 'தீப்பெட்டி ஆபீஸ்'. எனக்கு அதுதான் பிடித்த சொல்.

கேள்வி: சரி, சிவகாசியில் முதல் மேட்ச் ஆடியது யார்?

அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது. பட்டாசும் அந்த வழியில்தான் வளர்ந்தது.

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. அதைவிடப் பொருத்தமான ஜோடி உண்டா?

விலைதான் உழைப்போடு பொருந்தவில்லை. பதினான்கு வருடம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாய் ஆனது.