வேல்ஸில் மைதானம் பிடிப்பது எப்படி?

ரெக்ஸம் பற்றிய ஆவணத் தொடரைப் பார்த்துவிட்டு வேல்ஸ் கால்பந்தின் மேல் ஆசை வந்தவரா நீங்கள்? சந்தோஷம். அதை வெளியே சொல்லாதீர்கள். ரெக்ஸம், கார்டிஃப், ஸ்வான்ஸி, நியூபோர்ட் எல்லாம் வேல்ஸில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஊர் கிளப்புகள் ஆடுவது இங்கிலாந்தின் லீக்குகளில். ஹாலிவுட் நடிகர்கள் வாங்கிய ரெக்ஸம் கிளப்புக்கு டிக்கெட் எடுத்து, நம்பர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, போகும்போது ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டு போகிறவருக்குச் சுற்றுலாப் பயணி என்று பெயர். இந்த வழிகாட்டி அவருக்கானதல்ல.

இது மைதானம் பிடிப்பவர்களுக்கு. அங்கே கிரவுண்ட்ஹாப்பர் என்பார்கள். இதுவரை கால் வைக்காத மைதானம் ஒன்றைச் சனிக்கிழமைதோறும் தேடிப் போய், நூறு நூற்றைம்பது பேரோடு நின்று, யார் ஜெயித்தாலும் கவலையில்லாமல், நோட்டில் ஒரு டிக் அடித்துவிட்டுத் திரும்பும் இனம்.

வேல்ஸுக்கென்று ஒரு தேசிய லீக் வந்ததே 1992-ல்தான். இன்றைக்கு அதன் பெயர் கம்ரி பிரீமியர். அதற்குக் கீழே வடக்கு, தெற்கு என இரண்டு லீக். அதற்கும் கீழே நான்காகப் பிரிந்த அர்தால் லீக். அதற்கும் கீழே போனால் கோல்கீப்பரே வலை கட்டுவார். மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்குங்கள். இந்தத் தொழிலில் மதிப்பு இறங்க இறங்கத்தான் ஏறும்.

மேலிருந்து தொடங்கினால் முதல் அடியிலேயே ஒரு தலைவலி. வேல்ஸின் அசைக்க முடியாத சாம்பியனான தி நியூ செயிண்ட்ஸ் கிளப்பின் மைதானம் இங்கிலாந்தில் இருக்கிறது. லான்சான்ட்ஃப்ரைட் என்ற எல்லையோரக் கிராமத்து அணியாக இருந்தது அது. 1996-ல் வெல்ஷ் கோப்பையை வென்றதும் டோட்டல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி பணத்தோடு வந்தது. கிராமத்தின் பெயருக்கு முன்னால் கம்பெனியின் பெயர் ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச நாளில் கிராமத்தின் பெயர் இறங்கிப் போய்விட்டது. 2003-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்வெஸ்ட்ரி கிளப்போடு சேர்ந்தார்கள். பிறகு அந்தக் கம்பெனியையே பிரிட்டிஷ் டெலிகாம் விழுங்கிவிட, பெயரில்லாமல் நின்ற கிளப் 2006-ல் தி நியூ செயிண்ட்ஸ் ஆனது. டி.என்.எஸ். என்ற சுருக்கெழுத்துக்கு ஒரு சேதமும் இல்லை. பேனர்காரருக்கு மட்டும் நஷ்டம். இதே கிளப்தான் 2016-ல் தொடர்ந்து 27 மேட்ச் ஜெயித்து, 1972-லிருந்து அயாக்ஸ் வைத்திருந்த 26 என்ற சாதனையை உடைத்தது. ஆஸ்வெஸ்ட்ரி மைதானத்தை வேல்ஸ் நோட்டில் எழுதுவதா, இங்கிலாந்து நோட்டில் எழுதுவதா? இரண்டிலும் எழுதுங்கள். கேட்கிறவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று பார்த்து, பொருத்தமான நோட்டைக் காட்டுங்கள்.

அடுத்தது பயணம். வரைபடத்தில் வேல்ஸ் சின்னதாகத் தெரியும். நம்பாதீர்கள். வடக்கே பேங்கரில் ரயில் ஏறித் தெற்கே கார்டிஃப் போகவேண்டுமானால் ஷ்ரூஸ்பரி, ஹெரிஃபோர்ட் என்று இங்கிலாந்துக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். நாட்டின் தலையையும் காலையும் இணைக்கும் பாதை பக்கத்து நாட்டு வழியாகப் போகிறது! மேற்குக் கரையில் அபெரிஸ்ட்வித்திலிருந்து கார்மார்தனுக்கு ஒரு பாதை இருந்தது. 1960-களில் அதையும் மூடிவிட்டார்கள். கேம்ப்ரியன் கடற்கரைப் பாதையில் சின்ன நிலையங்களில் கை காட்டினால்தான் ரயில் நிற்கும். இறங்கவேண்டுமென்றால் கார்டிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்ல மறந்தால் கவலை வேண்டாம். அடுத்த ஊரிலும் ஒரு கிளப் இருக்கும்.

மேட்ச் இரண்டு, இரண்டரைக்குத் தொடங்கும். கடைசி பஸ் பெரும்பாலும் எண்பதாவது நிமிஷத்தில் கிளம்பும். இங்கேதான் தர்மசங்கடம். தொண்ணூறு நிமிஷமும் பார்த்தால்தான் கணக்கில் வரும் என்பது ஆசாரக் கோஷ்டி. பாதி பார்த்தால் போதும் என்பது தளர்ந்த கோஷ்டி. கோல் விழாத மேட்ச் செல்லாது என்றும், அச்சடித்த புரோகிராம் கைக்கு வரவில்லையென்றால் செல்லாது என்றும், கோல் கம்பத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்றும் உட்பிரிவுகள் உண்டு. எந்தக் கோஷ்டியில் வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்ட பிறகு காரில் இடம் கொடுக்கப்போகிறவர் எந்தக் கோஷ்டி என்று விசாரித்துக்கொண்டு சேருங்கள். காருக்குக் கட்டணம் கிடையாது. அவர் பார்த்த மைதானங்கள் அத்தனையையும் கேட்டு முடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பிளைனே ஃபெஸ்டினியோக் என்று வடக்கே ஒரு மலையூர். பலகைக்கல் வெட்டியெடுத்த ஊர். தலைக்குமேல் கழிவுக்கல் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. 1951-ல் ஸ்னோடோனியா தேசியப் பூங்காவுக்கு எல்லை போட்டவர்கள் இந்தக் கல்குவியலைப் பார்த்து முகம் சுளித்து, சுற்றிலும் பூங்காவை வைத்துவிட்டு ஊரை மட்டும் வடையின் ஓட்டை மாதிரி வெட்டி எடுத்துவிட்டார்கள். மழைக்கு அந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. இப்படிப்பட்ட ஊருக்கு நான்கு வண்டி மாறிப் போய்ச் சேர்ந்ததும், குடை பிடித்த நடுவர் பந்தைத் தரையில் போட்டுப் பார்ப்பார். பந்து எழும்பாது. மேட்ச் தள்ளிவைப்பு. அப்போது கோபப்படக்கூடாது. மேட்ச் நடந்த மைதானத்துக்குப் போய்வந்தவர் ஆயிரம் பேர் உண்டு. நடக்காத மேட்சுக்கு ஏழு மணி நேரம் பயணம் செய்தவரிடம்தான் கிளப்ஹவுஸில் கதை கேட்பார்கள்.

மைதானத்துக்குள் எங்கே நிற்பது? நாற்காலி போட்ட ஸ்டாண்ட் பக்கம் போகவேண்டாம். கம்பி வேலியில் சாய்ந்து நிற்கும் வயசான ஆள் ஒருவர் எல்லா மைதானத்திலும் இருப்பார். அவருக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள். மலை அழகாக இருக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள். மலை அவர் பிறந்ததிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. ரோசிமெட்ரேயில் கெவன் ட்ரூயிட்ஸின் மைதானத்தை ஒட்டிச் செங்குத்துப் பாறை நிற்கிறது. அதைப் பார்த்து வாய் பிளந்தால் வெளியூர் என்று தெரிந்துவிடும். விமான இறக்கை செய்யும் ப்ரோட்டன் ஊரில் ஏர்பஸ் ஊழியர்களின் கிளப் ரன்வேக்குப் பக்கத்தில் ஆடுகிறது. விமானத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று, தாழ்த்தி இறக்கக்கூடிய ஃப்ளட்லைட் கம்பங்கள். இதையும் கவனிக்காத மாதிரியே கவனியுங்கள். "லெஃப்ட் பேக் முன்னாடி மாதிரி ஓடுவதில்லை" என்று முனகினால் போதும். எந்த ஊரிலும், எந்த வருஷத்திலும் அது உண்மை.

பேங்கரில் மட்டும் பேச்சை வேறு விதமாகத் தொடங்கலாம். ஃபரார் ரோடு என்று சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். 1962-ல் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் நாப்போலியை அந்த மைதானத்தில் 2-0 என்று அடித்தது பேங்கர் சிட்டி. இத்தாலிக்குப் போய் 3-1 என்று தோற்றது. கோல் கணக்கு சமனானால் வெளியூரில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற விதி பின்னாளில் வந்தது. அப்போதே இருந்திருந்தால் பேங்கர் முன்னேறியிருக்கும். இல்லாததால் லண்டன் ஹைபரியில் மூன்றாவது மேட்ச் வைத்தார்கள். 2-1 என்று நாப்போலி தப்பித்தது. நேற்று நடந்த அநியாயம் போலக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபரார் ரோடு 2011-ல் மூடப்பட்டது. இன்று அங்கே ஆஸ்டா சூப்பர்மார்க்கெட் நிற்கிறது. கிளப்பும் பணச் சிக்கலில் தள்ளாட, ரசிகர்களே 2019-ல் பேங்கர் 1876 என்று புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். சூப்பர்மார்க்கெட்டை மைதானக் கணக்கில் சேர்க்கலாமா என்றால், கூடாது. ஆனால் அங்கே பால் வாங்கிய பில்லை நோட்டில் ஒட்டிவைத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை.

சாப்பாடு: தேநீர்க் குடிலில் சூடாக ஒரு கறுப்புப் பானம் தருவார்கள். போவ்ரில். அது மாட்டுச் சாறு. சைவர்கள் காபி என்று நினைத்து மடக்கென்று குடித்துவிடவேண்டாம். சிப்ஸ் மேல் ஊற்றும் மஞ்சள் குழம்புக்குக் கறி சாஸ் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள், அந்தக் குளிரில் அது தேவாமிர்தம்.

கடைசியாக, ராஃபிள். இடைவேளையில் ஒரு பெண்மணி டிக்கெட் கட்டோடு வருவார். வாங்காமல் இருப்பது அநாகரிகம். கிளப்பின் மின்சாரக் கட்டணமே அதில்தான் ஓடுகிறது. ஒரு பவுண்டுக்கு ஒரு சீட்டு கிழித்து வாங்கி, அவர் நகர்ந்ததும் பக்கத்தில் நிற்கும் பையனிடம் கொடுத்துவிடுங்கள். பல கிளப்புகளில் பரிசு ஒரு தட்டு பச்சை மாமிசம். ஷ்ரூஸ்பரியில் வண்டி மாறி, சூடான பெட்டியில் ஐந்து மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு போவது எப்படி என்பதற்கு வழிகாட்டி இன்னும் யாரும் எழுதவில்லை.