ஐந்தாவது ரேக்கில் நின்றுபோனவன்

பந்தியில் உட்கார்ந்துகொண்டு கார்ட்டூன் கதை சொல்லக் கூடாது என்பதை நான் கற்றது ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 'கேப் ஃபியர்' என்றொரு பகுதி உண்டு. 1993 அக்டோபரில் வந்தது. பார்ட் சிம்ப்சனைக் கொல்வதற்காக சைட்ஷோ பாப் என்கிற வில்லன், அந்தக் குடும்பம் போகும் காரின் அடியிலேயே தொற்றிக்கொண்டு வருகிறான். வழியில் கள்ளிச்செடிகள் வேறு அவனைக் கிழிக்கின்றன. ஒருவழியாக ஊர் வந்து எழுந்து நடந்தால், காலடியில் ரேக். சருகு வாருகிற, பல் வைத்த நீளக் கம்பு. பல்லை மிதித்தால் கம்பு எழும்பி மூஞ்சியில் அறையும். அறைகிறது. முனகுகிறான். திரும்புகிறான். இன்னொரு ரேக். மொத்தம் ஒன்பது அறை.

நான் இலைக்கு முன்னால் எழுந்து நின்று செய்துகாட்டினேன். முதல் அறைக்கு எதிர்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதுக்கு என் ஒன்றுவிட்ட சித்தப்பா மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினார். ஐந்தாவதில் எல்லோரும் அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளியோடு காத்திருந்த பையன், "சார், முடிஞ்சிருச்சா? ரசம் ஊத்திரவா?" என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது, நான் தப்புச் செய்தது எழுந்து நின்றதில் இல்லை, ஐந்தில் உட்கார்ந்ததில். அந்தக் காட்சியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. முதல் அறை வேடிக்கை. மூன்றாவதில் 'சரி, போதும்' என்றிருக்கும். ஐந்தாவதில் எரிச்சல் வரும். அதையும் தாண்டி விடாமல் அடித்தால் அந்த எரிச்சலே குபீரென்று சிரிப்பாக வெடிக்கும். நானோ எரிச்சலின் உச்சிவரை சபையைக் கூட்டிப் போய் அங்கேயே விட்டுவிட்டு ரசம் சாப்பிட்டவன். இத்தனைக்கும் அந்த ஒன்பது அறை கலைத் தாகத்தில் பிறந்ததல்ல. ஒளிபரப்புக்கு வேண்டிய நீளம் வரவில்லை என்று இழுத்தது. எங்கள் வீட்டில் திடீர் விருந்தாளிக்காக ரசத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான்.

அந்தப் பகுதியை இயக்கியவர் ரிச் மூர். இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இத்தனைக்கும் ஒவ்வொரு பகுதியிலும் முதல் காட்சியின் மேலேயே எழுதியவர் பெயரும் இயக்கியவர் பெயரும் வரும். எனக்கு அது காபி எடுத்துவரும் நேரம். ஆகவே, சிம்ப்சன்ஸில் எல்லாவற்றையும் செய்தவர் அதைப் படைத்த மேட் குரோனிங் என்று சொல்லித் திரிந்தேன். அவர் 'குரோனிங்'கும் இல்லை, 'கிரேனிங்' என்று பிற்பாடு தெரிந்தது. மேதாவி மாதிரி தப்பாக உச்சரித்த பெயர்களின் பட்டியல் என்னிடம் நீளமானது, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அடுத்த அசிங்கம், 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரெயில்'. 1993 ஜனவரி. அணுமின் நிலைய முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ் அணுக்கழிவைப் பூங்காவில் கொட்டி மாட்டிக்கொண்டு மூன்று மில்லியன் டாலர் அபராதம் கட்டுகிறார். ஊருக்குத் திடீரென்று பணம். பார்ட்டின் அம்மா மார்ஜ் சாலையைச் சரிசெய்யலாம் என்கிறாள். அப்போது லைல் லான்லி என்கிற வாய்ச்சொல் வியாபாரி வந்து, ஆடிப்பாடியே மொத்த ஊரையும் மோனோரெயில் வாங்க வைத்துவிடுகிறான். கடைசியில் பிரேக் பிடிக்காத வண்டியை அவள் கணவன் ஹோமர் நங்கூரம் வீசி நிறுத்துகிறான். நங்கூரம் போய் மாட்டுவது கடை வாசலில் இருக்கும் ராட்சச டோனட்டில். இதை இயக்கியவர் கோனன் ஓ'பிரையன் என்று அலுவலகத்தில் ஒருவரிடம் பந்தயம் கட்டினேன். கோனன் எழுதியவர். இயக்கியது ரிச் மூர். பந்தயப்பணமாக இரண்டு பிளேட் பரோட்டா போனது. அதிலிருந்து எனக்கு ரிச் மூர் மேல் ஒரு வன்மம் கலந்த பக்தி.

பக்தி வந்தால் பிரசங்கமும் வந்துவிடும். அக்கா மகள் அனிமேஷன் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவளிடம், "ரிச் மூர் கை பட்ட சீனைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. லேப்டாப்பைத் திறந்து, பெயர் வராத இடமாகப் பார்த்துப் பத்துத் துண்டுகள் போட்டுக் காட்டினாள்.

க்ரஸ்டி என்கிற கோமாளி கடையைக் கொள்ளையடித்ததாகக் கைதாகும் கதை வந்தது. "மூர்" என்றேன். "பிராட் பேர்ட், மாமா. 'இன்கிரெடிபிள்ஸ்' எடுத்தவர்." ஹோமர் பனி அள்ளும் வண்டி வாங்கித் தொழில் தொடங்குகிற கதை. "இது நிச்சயமா மூர்." "ஜிம் ரியர்டன்." ரியர்டனும் மூரும் பின்னால் 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஆகவே அரை மார்க் போடு என்று வாதாடினேன். போடவில்லை. தொழிற்சங்க வேலைநிறுத்தக் கதைக்கும் மூர் என்றேன். அது மார்க் கிர்க்லாண்ட். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று ரேக் காட்சி.

பரிதாபப்பட்டு அவளே விளக்கினாள். எழுத்தாளர்கள் கூடி உட்கார்ந்து ஸ்கிரிப்டை முடித்துவிடுவார்கள். நடிகர்கள் குரல் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அது இயக்குநர் கைக்கே வரும். அவர் ஸ்டோரிபோர்டு போட்டு, யார் எங்கே நிற்கிறார்கள், கேமரா எவ்வளவு தள்ளி இருக்கிறது, அடி விழுந்து முனகுவதற்கு முன்னால் எத்தனை ஃபிரேம் சும்மா விடுவது என்று முடிவு செய்வார். மிச்சப் படங்கள் தென்கொரியாவில் வரையப்பட்டு வரும். "ஜோக்கு அவரோடது இல்ல மாமா. ஜோக்குக்கு முன்னாடி இருக்கிற கேப் அவரோடது." நான் தலையாட்டிவிட்டு, அன்று ராத்திரியே இதை என் சொந்தக் கண்டுபிடிப்பாக ஒரு நண்பனிடம் போனில் சொன்னேன். கேப் விடாமல் சொன்னேன்.

இன்னொரு குற்றமும் இருக்கிறது. 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு மார்ஜ்', 1992. அதில் மேகி, பேசத் தெரியாத குழந்தை, காப்பகத்தில் பிடுங்கி வைத்த சூப்பானை மீட்கத் திட்டம் போடுகிறாள். தனியாக அடைத்து வைத்தால், பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வசனமே கிடையாது, முகத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை; ஆனாலும் பெரிய கைதி ஒருவரின் வைராக்கியம் தெரியும். மூர் இயக்கியதிலேயே எனக்கு இதுதான் ஒசத்தி. பல வருடம் கழித்து 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படம் பார்த்தேன். ஸ்டீவ் மெக்வீன் தனிமைச் சிறையில் பந்தை எறிந்து பிடிக்கிறார். "பாத்தியா, சிம்ப்சன்ஸ்ல இருந்து சுட்டிருக்கான்!" என்று மனைவியிடம் கத்தினேன். அவள் படம் வந்த வருடத்தை எடுத்துக் காட்டியபோதும், ஒரு பத்து வினாடி தேதிதான் தப்பு என்று நம்பினேன். 'கேப் ஃபியர்' மூலமான ஸ்கார்செஸி படத்திலும் இதே கூத்து. ராபர்ட் டி நீரோ காரின் அடியில் தொங்குகிற காட்சியில் அறையே மூச்சடக்கி உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் சிரித்தேன்.

அக்கா மகள் போட்ட பத்தில் ஒன்பதாவது ஒரு ரயில் நிலையம். தற்காலிக ஆசிரியர் ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார். தன்னைப் புரிந்துகொண்ட ஒரே பெரியவர் அவர்தான் என்று நம்பும் பார்ட்டின் எட்டு வயதுத் தங்கை லிசா பிளாட்பாரத்தில் ஓடிவருகிறாள். மனசு தளரும்போது படித்துப் பார் என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு ஏறுகிறார். சீட்டில் இருப்பது நாலே சொல். அவள் யார் என்பதை அவள் பெயராலேயே அவளுக்குச் சொல்கிற நாலு சொல். "இது மூர் இல்லம்மா. அவரு அடிதடி ஆளு. இவ்வளவு மென்மை அவருக்கு வராது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. ஜலதோஷம் என்றேன். மே மாதம்.

அது 'லிசாஸ் சப்ஸ்டிட்யூட்', 1991. இயக்கம் ரிச் மூர். ஆசிரியருக்குக் குரல் கொடுத்த டஸ்டின் ஹாஃப்மன் அதில் சாம் எட்டிக் என்று புனைபெயரில் இருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பகுதியின் பின்பாதியில் ஹோமர், தன்னைக் குரங்கு என்று திட்டிய மகளின் அறைக்குப் போய், குரங்கு மாதிரியே சேட்டை செய்து அவளைச் சிரிக்க வைப்பான். ரேக்கை ஒன்பது முறை எழுப்பிய அதே கை. இரண்டும் ஒரே ஆள் வேலை என்று எனக்கு உறைத்த நேரத்தில் அக்கா மகள் என் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி மாமா, அவரோடதுல நல்லது எதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றாள், ஆறுதலுக்கு. சிம்ப்சன்ஸில் 1990 முதல் 1993 வரை அவர் இயக்கியது ஏறத்தாழ ஒன்றரை டஜன். உற்சாகமாக எழுதினேன். முதலிடத்தில் 'ஸ்டார்க் ரேவிங் டாட்'. மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்ததாயிற்றே, கெத்தாக இருக்கும் என்று. அவள் ஸ்ட்ரீமிங்கில் தேடினாள், இல்லை. 2019-இல் அதைத் தயாரிப்பாளர்களே புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பார்க்கவே கிடைக்காத ஒன்றை முதலாவதாகச் சிபாரிசு செய்தவன் என்ற பெருமையும் என் கணக்கில் சேர்ந்தது.

'ஜூட்டோபியா' படத்துக்கு மூர் ஆஸ்கர் வாங்கியதைச் சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தேன். "பைரன் ஹோவர்டோட சேர்ந்து" என்று திருத்திவிட்டு, லேப்டாப்பை மூடினாள்.

"மாமா, அந்தக் கல்யாணத்துல செஞ்சீங்களாமே, அம்மா சொன்னாங்க. செஞ்சு காட்டுங்க. ஒம்பதும்."

எழுந்தேன். ரேக் இல்லை, மாப் இருந்தது. மாப்பை மிதித்தால் கம்பு எழும்பாது என்பதால் கையாலேயே நெற்றியில் அறைந்துகொண்டேன். மூன்றாவதில் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஐந்தாவதில் வழக்கம்போல மௌனம். இந்த முறை நான் உட்காரவில்லை. ஆறாவதில் அக்கா மகள் உதட்டைக் கடித்தாள். ஏழாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. சோபாவைப் பிடித்தபடி நான் விட்ட முனகலுக்கு மட்டும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது நடிப்பு இல்லை என்று எட்டாவதுக்காக அவர்கள் காத்திருந்தபோதும் சொல்லவில்லை.