இறுகிய போல்ட்டின் அகத்திணை ஒழுக்கம்: ஓர் ஆய்வு

கார் எஞ்சினைப் பற்றி எழுதியவர்கள் பிஸ்டனைப் புகழ்ந்தார்கள், வால்வைப் புகழ்ந்தார்கள், கார்புரேட்டரின் குணக்கேடுகளைப் பக்கம் பக்கமாக விவரித்தார்கள். இவற்றையெல்லாம் பிடித்து நிறுத்தும் போல்ட்டை ஏறெடுத்துப் பார்த்தவர் குறைவு. ஞாயிறு காலை காபிக்குப் பிறகு ‘அரை மணி நேர வேலைதான்’ என்று தொடங்கியது விளக்கு வைத்த பின்னும் முடியாமல் கிடந்தால், அதற்குப் பிஸ்டன் காரணமாக இருப்பதில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரு போல்ட் வர மறுத்திருக்கும். இக்குறையைப் போக்குவதே கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். உரிமையாளர் தாமே, தம் வாசலில், வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கக் கழற்ற முயலும் போல்ட் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மெக்கானிக் ஷெட்டில் இறுகும் போல்ட் எல்லைக்குப் புறம்பானது. அங்கே, “டேய், அந்த கேஸை எடுத்துட்டு வா” என்ற ஒரே வாக்கியத்தில் பிரச்சினை தீர்ந்துவிடுவதால் புலமைக்கு இடமில்லை.

களம்: பெசன்ட் நகர் அடுக்ககம் ஒன்றின் கார் நிறுத்துமிடம். ஆய்வுப்பொருள்: மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வம்சத்தின் பின்னாள் வாரிசு. குறை: தெர்மோஸ்டாட் மூடியில் நீர்க்கசிவு. மூடியைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். ஸ்பானர் பன்னிரண்டாம் நம்பர். கடலுக்கும் அவற்றுக்கும் நடுவே சில தெருக்களே.

இனி இலக்கணம். போல்ட்டுக்கும் அது குடியிருக்கும் துளைக்கும் உள்ள உறவு அகத்திணையைச் சேர்ந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஸ்பானரும் சுத்தியலும் ஏந்திச் செல்வதால் பலர் இதைப் போராகக் கருதிப் புறத்திணையில் அடக்குவர். அது பொருந்தாது. தொல்காப்பியர் சொல்லும் உரிப்பொருள் ஐந்தும், புணர்தல், ஊடல், இருத்தல், இரங்கல், பிரிதல் என ஒன்று குறையாமல் இங்கே கிடக்கின்றன.

புணர்தல் நிகழும் விதம் இது. இரும்பு துருவாகும்போது, தான் முன்பு இருந்த இடத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் கேட்கிறது. மரைக்குள் அவ்வளவு இடம் ஏது? நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நம் ஆய்வுப்பொருளில் எஃகு போல்ட் இறங்குவது அலுமினியத்தில். இரு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அங்கே குட்டி பேட்டரி ஒன்று உருவாகிவிடும். அரிபடுவது அலுமினியம், மரையில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருப்பது அந்த அரிப்பின் எச்சம். கூலன்ட் வாங்கக் கணக்குப் பார்த்துப் பல ஆண்டுகள் குழாய்த் தண்ணீரையே ஊற்றிய குடும்பங்களில் இந்த உறவு இன்னும் ஆழமானது. கடலோர போல்ட் ஆதலால் திணை நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரங்கியது போல்ட் அல்ல.

ஊடல் தொடங்குவது திசையில். தலையை நேருக்கு நேர் பார்த்து இடஞ்சுழியாகத் திருப்பினால் போல்ட் கழலும் என்பது பொது விதி. மல்லாந்து படுத்தும், குழாய்களுக்கு நடுவே கையை மட்டும் நுழைத்தும் வேலை பார்ப்பவருக்கு எது இடம், எது வலம் என்பது தத்துவக் கேள்வி. சரியாக அந்த நேரத்தில், வாக்கிங் முடித்து மேல்மாடிப் பெரியவர் வருவார். “என்ன தம்பி, டைட் பண்றீங்களா, லூஸ் பண்றீங்களா?” உரையாசிரியர் மரபில் இது தடை எழுப்புதல். விடையும் அவரே தருவார்: “லெஃப்ட் திரெட்டா இருக்கப் போவுது, பாருங்க.”

இடமரை உலகில் உண்டு. சைக்கிளின் இடப் பெடலில் உண்டு, கேஸ் வெல்டிங்காரரின் அசிட்டிலின் இணைப்பில் உண்டு, பட்டறைச் சாணைக்கல்லின் இடப்புற நட்டில் உண்டு. தெர்மோஸ்டாட் மூடியில் கிடையாது. ஆனால் காதில் விழுந்த ஐயம் லேசில் போகாது. பெரியவர் லிஃப்டுக்குள் போனதும், எப்பேர்ப்பட்ட பொறியாளரும் வலப்பக்கம் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். வியப்பு என்னவென்றால், அது நல்லதுதான். கழற்றுமுன் இம்மி அளவு முடுக்கினால், துருவின் பிடியில் விரிசல் கண்டு போல்ட் இளகுவதுண்டு. பெரியவரின் கருத்து தவறு, பயன் சரி. இத்துறையின் அறிவில் பெரும்பகுதி இவ்வழியே சேர்ந்ததுதான்.

அடுத்து வருவது வாட்ச்மேன் பள்ளி. “பைப்பைச் சொருகி ஒரு நெம்பு நெம்புங்க சார்” என்பது அதன் ஒற்றை நூற்பா. நிற்க இடம் கிடைத்தால் உலகையே நெம்புவேன் என்றாராம் ஆர்க்கிமிடீஸ். அவர் நெம்ப நினைத்த உலகம் துருப்பிடித்திருக்கவில்லை. கணக்கைப் பார்ப்போம். தலையில் 8.8 என்று பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டை முடுக்க ஏறத்தாழ 25 நியூட்டன்-மீட்டர் போதும். அலுமினியத்தில் அதற்கும் குறைவு. 30 சென்டிமீட்டர் கைப்பிடியை 20 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாலே 60 வந்துவிடுகிறது. அதே இழுப்பு ஒரு மீட்டர் பைப்பில் 200. போல்ட் தாங்காது, தாங்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. அதற்கு முன்பே இன்னொரு விபத்துக்கும் வாய்ப்புண்டு. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர் தலையின் மூலைகளைத்தான் பற்றும். துரு தின்று இளைத்த தலையில் அது வழுக்க வழுக்க, அறுகோணம் உருண்டையாகிவிடும். ஆறு முனை பாக்ஸ் ஸ்பானர் பக்கங்களைப் பற்றுவதால் அறிந்தோர் அதையே எடுப்பர். அறியாதோர் கையில் கிடைத்ததை எடுப்பர்.

இருத்தல் என்பது எண்ணெய் விட்டுக் காத்திருப்பது. இருத்தலுக்குரிய முல்லைக்குச் சிறுபொழுது மாலை, பெரும்பொழுது கார் என்று இலக்கணம் அன்றே சொல்லிவிட்டதால் இவ்வகைப்பாட்டில் ஐயத்துக்கே இடமில்லை. எந்த எண்ணெய் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பழையவர்கள் மண்ணெண்ணெய் என்பர். மாமியார் தையல் மெஷின் எண்ணெயை நீட்டுவார். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலப்போர் தனிக் குழுவினர்; அவர்கள் அருகில் பீடி பற்றவைக்கக் கூடாது. நகர்ப்புறத்தார் டபிள்யூடி-40 டப்பாவை எடுப்பர். அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நாற்பதாம் முயற்சியில் கைகூடிய கலவை. ஈரத்தை விரட்டுவது அதன் தொழில், அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் துரு ஏறாமல் காத்தது அதன் தொடக்க கால உத்தியோகம். துரு வராமல் காக்கப் பிறந்ததைத் துரு வந்த பிறகு கூப்பிடுகிறோம். இவர்கள் அனைவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுண்டு: எதை விட்டாலும் ஓர் இரவு ஊறவேண்டும். காலையில் போல்ட் வந்தால் எல்லோரும் எண்ணெயைத்தான் பாராட்டுவார்கள், இரவை யாரும் பாராட்டுவதில்லை.

இரவும் பலிக்காதபோது சூடு. பக்கத்தில் பெட்ரோல் குழாய் ஓடுவதால் தீ விலக்கப்பட்டது, வெந்நீர் கொள்ளப்பட்டது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதே இம்முறையின் அடிப்படை. 70 டிகிரி கூடினால் 8 மில்லிமீட்டர் துளை போல்ட்டைவிட 0.006 மில்லிமீட்டர் அதிகமாக விரியும். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. சிரிக்க வேண்டாம். அந்தச் சந்து வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போகிறது, அதற்குள்தான் சுத்தியலின் சின்னச் சின்னத் தட்டலுக்குப் பொடி உதிர்கிறது.

எஞ்சியது பிரிதல். அது இருவகைப்படும்: கழல் பிரிவு, முறி பிரிவு. முன்னதில் போல்ட் துளையைப் பிரியும், பின்னதில் தலை உடலைப் பிரியும். கொடுமை என்னவென்றால், முதல் அசைவில் இரண்டும் ஒன்றுபோலவே இனிக்கும். வேறுபாட்டைக் காதாலும் மணிக்கட்டாலும் அறிய வேண்டும். கழலப்போகும் போல்ட் ‘டக்’கென்று ஒரு சத்தம் கொடுக்கும். பிறகு கிறீச்சிடும், விட்டுவிட்டு நகரும், ஒவ்வொரு அங்குலத்துக்கும் முணுமுணுக்கும். முறியப்போகும் போல்ட் வாய் திறக்காது. இறுக்கம் சட்டென்று குறைந்து, ஸ்பானர் வழுவழுவென்று சுற்றிவரும். ‘வந்துடுச்சு’ என்று வீட்டுக்குள் குரல் கொடுக்கும் தருணம் பெரும்பாலும் இதுதான். உள்ளே எஃகு ஜவ்வு மிட்டாய்போல் முறுக்கி இழுபட்டுக்கொண்டிருக்கும். அங்கேயே கையை எடுத்துவிட்டு, கொஞ்சம் திரும்ப முடுக்கி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து வந்தால் பிழைக்க வழியுண்டு. முறிந்துவிட்டால் மிச்சத் துண்டின் மேல் நட்டு வைத்து வெல்டிங், அல்லது நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டர். அந்த எக்ஸ்ட்ராக்டர் கடினமாக்கிய எஃகு. அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் பல் பதிக்காது. அதற்குப் பின் நடப்பவை ஐந்திணையுள் அடங்கா. பெருந்திணை எனக் கொண்டு, லேத் பட்டறைக்கு அனுப்புக.

நம் போல்ட் மூன்றாம் கெட்டில் வெந்நீருக்குப் பின் ‘டக்’ என்றது. கிறீச்சிட்டது, முணுமுணுத்தது, மரை முழுக்க வெண்பொடியோடு முழு உருவில் வெளியே வந்தது. கருதுகோள் நிறுவப்பட்டதாக ஆய்வாளர் அறிவிக்க, பெரியவரும் வாட்ச்மேனும் தத்தம் கொள்கை வென்றதாகக் கலைந்து சென்றனர்.

பின் இரண்டாம் போல்ட். எண்ணெய், கெட்டில், சுத்தியல், ஆறு முனை பாக்ஸ் ஸ்பானர் எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டன. ஸ்பானரைப் பொருத்துமுன் தலையில் இருந்த அழுக்கைத் துடைக்க விரல் பட்டதும் அது தானாகவே சுற்றி வந்துவிட்டது. யாரோ ஒரு காலத்தில் மூடியை மாட்டியவர் அதை முடுக்கவே இல்லை. நீர்க்கசிவுக்கும் அதுவே காரணம். இத்தரவு மேற்கூறிய இலக்கணத்தோடு பொருந்தாமையால் ஆய்வின் எல்லையிலிருந்து நீக்கப்படுகிறது.