டாஸ்க்பார் வம்ச சரித்திரம்

பாடப்புத்தகத்து ராஜாக்கள் எல்லாரும் சாலையின் இருமருங்கிலும் மரம் நட்டார்கள், குளம் வெட்டினார்கள். ரெட்மண்டைத் தலைநகராகக் கொண்ட விண்டோஸ் வம்சத்தார் திரையின் அடியில் டாஸ்க்பார் என்ற ஒரு பட்டையை நட்டார்கள். அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் முன்னவர் நட்டதைப் பிடுங்கினார். குடிமக்கள் இலவச மென்பொருளை இறக்கி, ராவோடு ராவாகப் பழையதைத் திரும்ப நட்டார்கள்.

வம்சத்தின் ஆதிபுருஷர் 1985-ல் வந்த விண்டோஸ் 1.0. சுருக்கிவைத்த நிரல்களெல்லாம் அப்போது திரையின் அடியில் ஒழுங்காக வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன. விண்டோஸ் 3.1 ஆட்சியில் அந்த ஒழுங்கு போயிற்று. சுருக்கிய நிரல் சின்ன ஐகானாகிக் கீழே போய் விழும். அதன்மேல் வேறொரு விண்டோ ஏறி நின்றால் ஆள் அம்பேல். வேலை அழிந்துபோனது என்று நினைத்துக்கொண்டு அதே நிரலை மறுபடி திறந்த புண்ணியவான்கள் ஏராளம்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 முடிசூடினார். மேடையில் பில் கேட்ஸ், பக்கத்தில் ஜோக் சொல்ல ஜே லெனோ, விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு. இத்தனையும் இடது மூலையில் இருந்த ஒரு சாம்பல் பட்டனுக்காக. சோதனைப் பதிப்புகளில் அது மூன்று பட்டன்களாக இருந்தது. ஜனங்களுக்கு எதை அழுத்துவதென்று புரியாததால் மூன்றையும் ஒன்றாக்கி ‘ஸ்டார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லை. இங்கே கிளிக் செய்யுங்கள் என்று ஓர் அம்புக்குறி பட்டை நெடுக ஓடிவந்து பட்டனில் முட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் அதே பட்டன்தான் என்பதை மட்டும் அந்த அம்புக்குறி சொல்லவில்லை.

வலது மூலைக் கடிகாரத்துக்கும் ஒரு கதை உண்டு. சோதனைக் காலத்தில் அது நொடி காட்டியது. நடுவிலிருந்த இரண்டு புள்ளிகளும் கண் சிமிட்டின. 4 எம்பி நினைவகத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய கம்ப்யூட்டருக்குக் கண் சிமிட்டுவதுகூட ஆடம்பரச் செலவு என்று அரண்மனை இரண்டையும் நிறுத்திவிட்டது. ஜப்பானில் ஒருவர் டி-கிளாக் என்ற இலவச நிரலை எழுதி, போன நொடிகளை மீட்டுத் தந்தார்.

இப்படி மாற்றிக்கொள்பவர்களுக்கு அரண்மனைக்குள்ளேயும் மறைமுக ஆதரவு இருந்தது. மைக்ரோசாஃப்ட் ஊழியர்களே எழுதிய பவர்டாய்ஸ், ட்வீக் யூஐ போன்ற கருவிகள் இலவசமாக வந்தன, எது கெட்டாலும் எங்களிடம் வராதீர்கள் என்ற நிபந்தனையோடு. பிள்ளையைப் பெற்றவர்களே அதற்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தது சரித்திரத்தில் அபூர்வம்.

பட்டனில் இருந்த ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லுக்குப் பதில் தன் பெயரைப் பொறிக்கும் ஆசை அடுத்து வந்தது. கல்வெட்டில் பேர் வெட்டிக்கொள்ளும் ஆசை மன்னருக்கு மட்டும்தானா? விண்டோஸ் 98-ல் ஹெக்ஸ் எடிட்டரால் எக்ஸ்ப்ளோரர் கோப்பைத் திறந்து எழுத்தை மாற்றவேண்டும். ஆங்கிலத்தில் அது ஐந்தெழுத்து என்பதால் உங்கள் பெயரும் ஐந்தெழுத்துக்குள் அடங்கவேண்டும். குமார் கச்சிதமாக உட்கார்ந்தார். ரவி ஓர் இடைவெளி விட்டுச் சமாளித்தார். செந்தில்நாதனுக்கு அந்த ஆட்சியில் நீதி கிடைக்கவில்லை.

2001-ல் எக்ஸ்பி வந்தார். நீலப் பட்டை, பச்சைப் பட்டன். ஆங்கஸ் ஜான்சன் எழுதிய ரிசோர்ஸ் ஹேக்கர் என்ற நிரலால் செந்தில்நாதனுக்கும் விடிவு பிறந்தது. எக்ஸ்ப்ளோரர் கோப்பை நகலெடுத்து, 37-ஆம் அட்டவணையில் 578-ஆம் வரியைத் திருத்தி, ரிஜிஸ்ட்ரியில் புதுக் கோப்பின் பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது. ஓர் எழுத்து பிசகினால் டாஸ்க்பாரே வராது. வெறும் வால்பேப்பர் பச்சைக் குன்றும் நீல வானமுமாகச் சிரிக்கும். நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் பட்டனில் ஓர் அண்ணன் பெயர் இருந்தால், அங்கே சிஸ்டத்தை ஃபார்மட் செய்யத் தெரிந்தவர் அவர்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

பிறகு மாறுவேடக் காலம். ஃப்ளைகைட் என்ற இலவசத் தொகுப்பைப் போட்டால் எக்ஸ்பி ஆப்பிள் வேஷம் கட்டும். ராக்கெட்டாக்கைப் போட்டால் ஐகான்கள் மவுஸ் பக்கத்தில் வந்ததும் பூரித்துப் பெரிதாகும். விஸ்டா வெளிவந்தபோது அதைத் தாங்கும் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் விஸ்டா டிரான்ஸ்ஃபர்மேஷன் பேக்கைப் போட்டு, 256 எம்பி ரேமிலேயே கண்ணாடி மாளிகை கட்டினார்கள். விஸ்டாவை உண்மையிலேயே வாங்கியவர்களைவிட இவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்பது என் கட்சி.

  

2009-ல் வந்த விண்டோஸ் 7 காலத்தைப் பொற்காலம் என்று எழுதினால் பரீட்சையில் முழு மதிப்பெண். அப்போதும் சும்மா இருக்கமுடியாதவர்களுக்கு 7+ டாஸ்க்பார் ட்வீக்கர் இருந்தது.

2012 அக்டோபர் 26 முதல் இருண்ட காலம். விண்டோஸ் 8 வந்தார். ஸ்டார்ட் பட்டனையே நாடு கடத்தினார். பதினேழு வருடம் அழுத்திப் பழகிய விரல் காலி மூலையைக் குத்திக்கொண்டிருந்தது. இவோ பெல்ட்செவ் எழுதி 2009 முதல் இலவசமாகக் கிடைத்த கிளாசிக் ஷெல்லைத் தேடி ஜனங்கள் ஓடினார்கள். விண்டோஸ் பொறுப்பிலிருந்த ஸ்டீவன் சினாஃப்ஸ்கி சில வாரங்களில் நிறுவனத்தை விட்டே போனார். பட்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார்கள், நம்புவோம். அடுத்த வருடம் 8.1-ல் பட்டன் திரும்பியது. அழுத்தினால் மெனு வராது, விண்டோஸ் 8 கொண்டுவந்த கட்டம் கட்டமான முழுத்திரைதான் வரும். பசிக்கிறது என்றவனுக்குக் கழுவின இலை மட்டும் போட்ட கதை.

2015-ல் விண்டோஸ் 10 மெனுவைத் திருப்பித் தந்து சமாதானம் பேசினார். ஜனங்கள் விடவில்லை. டாஸ்க்பார்எக்ஸ் என்ற நிரலால் ஐகான்களை நடுவுக்கு நகர்த்திக்கொண்டார்கள். 2021-ல் விண்டோஸ் 11 ஐகான்களைத் தானே நடுவில் வைத்தார். உடனே அவற்றை இடப்பக்கம் தள்ள வழி தேடினார்கள். குடிமக்கள் குணம் அப்படி. ஆனால் அந்த ஆட்சியின் கொடுமை வேறு: 1995-ல் மவுஸால் இழுத்தே மேலேயோ பக்கத்திலோ கொண்டுபோய் நிறுத்த முடிந்த பட்டையைத் தரையோடு தரையாக ஆணியடித்துவிட்டார்கள். எக்ஸ்ப்ளோரர்பேட்சர் என்ற நிரல் பழைய பட்டையைக் கொண்டுவந்தது. 7+ ட்வீக்கரை எழுதியவரே விண்ட்ஹாக் என்ற புது ஆயுதத்தோடு வந்தார். கடிகாரத்தில் நொடி காட்டும் அனுமதி 2023-ல் கிடைத்தது, கூடுதல் மின்சாரம் பிடிக்கும் என்ற எச்சரிக்கையோடு.

எக்ஸ்ப்ளோரர்பேட்சர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய அப்டேட் வருவதாகக் கேள்விப்பட்டால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள். மறந்துவிட்டால், பட்டை மேலே இருக்கட்டுமா பக்கத்தில் இருக்கட்டுமா என்று யோசிக்க அங்கே பட்டையே இல்லாமல் போகலாம்.