கால் சுரம் தள்ளி ஒரு தாம்பத்தியம்

இல்லறத்தைப் பற்றி அறநூல்கள் பேசியிருக்கின்றன, சோதிடம் பேசியிருக்கிறது, குடும்பநல நீதிமன்றங்களும் தம் பங்குக்குப் பேசிவருகின்றன. 1960இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'ஜொனாதன் அண்ட் டார்லீன் எட்வர்ட்ஸ் இன் பாரிஸ்' என்ற இசைத்தட்டை மட்டும் இத்துறை அறிஞர்கள் ஏனோ தொடவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் அது ஓட்டல் வரவேற்பறைக்கென்றே செய்த மெல்லிசைத் தட்டு. 'ஐ லவ் பாரிஸ்', 'ஏப்ரல் இன் பாரிஸ்', 'லா வி ஆன் ரோஸ்' என்று ஊரறிந்த பாட்டுகள். கணவர் பியானோ வாசிக்க, மனைவி பாடுகிறார். ஊசி இறங்கிய சற்று நேரத்திலேயே விஷயம் விளங்கிவிடும். டார்லீனின் குரல் உரிய சுரத்துக்குக் கால் சுரம் தள்ளி நிற்கிறது. ஜொனாதனோ நாலு எண்ணிக்கைத் தாளத்தில் ஒன்றைக் கூட்டுகிறார் அல்லது விழுங்குகிறார். அலங்காரங்களை அள்ளிக் கொட்டிவிட்டு, பாட்டு எங்கே போயிற்று என்று தேடுகிறார். கேலித்தட்டு என்று சொல்லி உலகம் சிரித்துவிட்டுப் போயிற்று. தாம்பத்தியம் எப்படி நிலைக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே ஒலிச்சான்று இதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அற்றன்று, ஜொனாதனும் டார்லீனும் கற்பனை ஆட்களாயிற்றே, கற்பனை எப்படிச் சான்றாகும் என்று கேட்பாருண்டு. உண்மைதான். டார்லீனாகப் பாடியவர் ஜோ ஸ்டாஃபர்ட். 'யூ பிலாங் டு மீ' பாட்டால் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண்மணி, சுருதி சுத்தத்துக்குப் பேர்போனவர். ஜொனாதன், அவருடைய கணவர் பால் வெஸ்டன். டாமி டார்சி குழுவுக்கு இசைக்கோவை எழுதி, பிறகு காப்பிடல் நிறுவனத்தின் இசையை நடத்தி, மெல்லிசைத் தட்டு என்ற வகைக்கே தந்தை எனப்பட்டவர். இருவரும் 1952இல் மணந்துகொண்டார்கள். ஆனால் இந்த மறுப்பு நம் துணிபை வலுப்படுத்தவே செய்கிறது. சுருதி ஞானம் இல்லாதவர் பாடினால் ஓர் அடியில் மேலே போவார், அடுத்த அடியில் கீழே இறங்குவார், நடுவில் தற்செயலாகச் சரியான சுரத்தில் விழுந்து காரியத்தைக் கெடுப்பார். ஸ்தாயியை 24 பங்காக்கி அதில் ஒரே ஒரு பங்கு விலகி, விலகிய இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்க வேண்டுமானால், சரியான இடம் எது என்பது உள்ளே ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். கணவரின் தாளம் தப்பும்போது டார்லீன் பாட்டை நிறுத்தி முறைப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தெரிந்தே தவறுவதும் தவறியவரை விட்டுவிடாமல் தொடர்வதும் பயிற்சியால் வருவன. திருமணத்துக்கு வெளியே அந்தப் பயிற்சியை யாரும் தருவதில்லை.

1957இல் வந்த முதல் தட்டின் அட்டைப்படம் இங்கு ஆராயத்தக்கது. பியானோக் கட்டைகள்மேல் இரண்டு கைகள். இரண்டும் வலது கை. ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொடுத்தவர் கொலம்பியாவின் ஜார்ஜ் அவாக்கியன். அது 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கி ஒருவரின் பெயர். 'கோபம் கொண்ட கடவுளின் கைகளில் பாவிகள்' என்று 1741இல் பிரசங்கம் செய்து கேட்டவர்களைக் கதறவைத்தவர் அவர். பாவிகளின் இடத்தில் பாட்டுகளையும் கடவுளின் கைகளுக்குப் பதிலாக அந்த இரண்டு வலது கைகளையும் வைத்துப் பார்த்தால் அவாக்கியனின் இறையியல் புலமை புலப்படும். இந்தத் தம்பதி யார் என்று ஊர் ஊகித்தபோது, முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனும் அவர் மகள் மார்கரெட்டும்தான் என்றுகூடப் பேச்சு எழுந்தது. அதிபர் பியானோ வாசிப்பவர், மகள் பாடகி. ஊகம் தவறு, ஆனால் இதைக் குடும்ப விவகாரம் என்று சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார்கள்.

அஃதேல், ஒழுங்காகப் பாடிய தம்பதிகள் இல்லையா எனின், உண்டு. ஸ்டீவ் லாரன்ஸும் ஈடி கோர்மேயும் 1957இல் மணந்து, 'வீ காட் அஸ்' தட்டுக்குக் கிராமி விருதும் வாங்கினார்கள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடும் அழகு, எல்லாம் உண்டு. சிக்கலே அதுதான். அவ்வளவு சுத்தமாக இணைவதற்குக் கல்யாணம் எதற்கு? சம்பளம் போதும். அந்தத் தட்டைக் கேட்டு அவர்கள் நல்ல சக ஊழியர்கள் என்று நிறுவலாமே தவிர, தம்பதி என்று நிறுவ முடியாது. பாரிஸ் தட்டுக்கும் 1961இல் கிராமி கிடைத்தது, நகைச்சுவைப் பிரிவில். ஜோ ஸ்டாஃபர்ட் வாழ்நாளில் பெற்ற ஒரே கிராமி அது. சுத்தமாகப் பாடிய ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை, கால் சுரம் தள்ளிப் பாடியதற்கு விருது. நடுவர்கள் பிரிவை மாற்றிப் போட்டார்களே ஒழிய, தேர்வில் பிழை செய்யவில்லை.

இறுதியாக, மறுக்க முடியாத ஒரு சான்று. 1960களின் நடுப்பகுதியில் ஜோ ஸ்டாஃபர்ட் தம் சொந்தப் பெயரில் பாடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். டார்லீன் விடவில்லை. 1970களின் பிற்பகுதியில் பீ ஜீஸின் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டை அவரும் ஜொனாதனும் ஒரு கை பார்த்தார்கள். 1982இல் இன்னொரு முழுத் தட்டே வந்தது. 1996இல் வெஸ்டன் இறக்கும்வரை, 44 ஆண்டுகள், அந்த மணவாழ்க்கை நீடித்தது.