கிண்டாத பண்டம்

அட்லாண்டா,
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அம்மாவின் மூட்டுவலிக்கு விசா கிடைக்கவில்லை போலிருக்கிறது, திருநெல்வேலியிலேயே தங்கிவிட்டது.

இது பீச் பழக்காலம். மே நடுவிலிருந்து ஆகஸ்டு வரை ஜார்ஜியாக்காரர்களுக்கு வேறு பேச்சு கிடையாது. கார் நம்பர் பலகையில் பீச் படம். தெருவுக்குத் தெரு பீச்ட்ரீ என்று பெயர். வழி கேட்டால், பீச்ட்ரீயில் போய் இன்னொரு பீச்ட்ரீயில் திரும்பச் சொல்வார்கள். 1924-இல் ஒரு மாவட்டத்துக்கே பீச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளைச்சலில் கலிஃபோர்னியாவும் தென் கரோலினாவும் இவர்களை முந்திவிட்டன என்பதை மட்டும் யாரும் இங்கே சத்தமாகச் சொல்வதில்லை.

எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கூடை பழத்தோடு வந்தார், அம்மாவுக்குக் 'காப்ளர்' என்ற பழப் பண்டம் கற்றுத்தர. அம்மாவின் முதல் கேள்வி, "முட்டை உண்டா?" இல்லை என்றதும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுக் குளிர்நீருக்கு மாற்றினால் தோல் தானே உரியும். கொட்டை நீக்கி, துண்டு போட்டு, அரைக் கப் சர்க்கரையில் பிசறி, கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கண்ணாடித் தட்டில் நூற்றுச் சொச்சம் கிராம் வெண்ணெயை ஓவனில் உருக்கி, மைதா, சர்க்கரை, பால் வகைக்கு ஒரு கப், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு கரைத்து அதன்மேல் ஊற்ற வேண்டும். மாவின்மேல் பழம். அவ்வளவுதான், கிண்டவே கூடாது!

யாரிடம் சொல்கிறார் பார். தோள்பட்டை இறங்கக் கோதுமை அல்வா கிண்டியே நம்மை வளர்த்தவளிடம். மாவு தானே பொங்கி மேலே வரும், பழம் அடியில் இறங்கும், வெண்ணெய் ஓரத்தை முறுக்கும், கிண்டினால் எல்லாம் ஒன்றாகிக் களியாகும் என்று பாட்டி சொன்னதை மொழிபெயர்த்தேன். அம்மா நம்பவில்லை.

350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (செல்சியஸ் கணக்கில் ஏறக்குறைய 175) முக்கால் மணி நேரம். அம்மா கரண்டியோடு ஓவன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "எய்யா, அடி பிடிச்சிரும்லா, ஒரு தடவ தொறந்து பாக்கேன்!" பாட்டி ஓவன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் சண்டை தடையில்லாமல் நடந்தது.

வெளியே எடுத்தபோது மேலே பொன்னிறம், ஓரமெல்லாம் பழச்சாறு கொதித்து மொறுமொறுப்பு. சூடான காப்ளர்மேல் பாட்டி வெனிலா ஐஸ்கிரீம் வைத்தார். "சூட்டோட குளுமையத் தின்னா சளி பிடிக்கும்" என்று அம்மா எச்சரித்தாள். எச்சரித்தபடியே இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அம்மா மாவில் ஏலக்காய் தட்டிப்போட, இப்போது பாட்டி டப்பாவோடு ஏலக்காய் கடன் கேட்டு வருகிறார்.

அக்கா, ஒரு எச்சரிக்கை. ஊருக்கு வந்ததும் உன் வீட்டு ஓவனில் மாம்பழத்தில் செய்வதாக அம்மா முடிவு கட்டியிருக்கிறாள். அன்றைக்கு நீ கரண்டியைத் தொட்டால் போதும், "பொறுமை வேணும்ட்டி, சும்மா இருக்கத் தெரியணும்" என்று உனக்கே பாடம் நடத்துவாள். சிரித்துவிடாதே.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் தம்பி