விண்வழிப் பறியியல்: நன்னிலம் வட்டத்தை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

இயல் ஒன்று: ஆய்வின் தேவையும் எல்லையும்

திருட்டைப் பற்றித் தமிழில் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. வெட்சித் திணையில் மாடு கவர்ந்ததைப் பற்றி மட்டும் எத்தனை பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால், அந்தக் கணக்குக்கே இன்னொரு முனைவர் பட்டம் தரலாம். ஆனால் இல்லாத வானத்தில், இல்லாத கப்பலில் வரும் இல்லாத சரக்கை, முகம் தெரியாத ஒருவன் பறித்துக்கொண்டு போவதைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பறிகொடுத்தவனின் வயிற்றெரிச்சல் மட்டும் அசலாக இருக்கும்போது இந்த மௌனம் முறையல்ல.

ஆய்வின் எல்லை: நிலத்தில் நன்னிலம் வட்டமும் அதன் சுற்றுவட்டாரமும், வானத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள். வான எல்லை முழுவதும் 'ஈவ் ஆன்லைன்' என்ற ஒரே விளையாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஐஸ்லாந்தின் ரெய்காவிக் நகரத்து சி.சி.பி. நிறுவனம் அதை 2003 மே 6 அன்று வெளியிட்டது. ஐஸ்லாந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான்காம் இயலில் பதில் இருக்கிறது. அதுவரை பொறுமை காக்கவும்.

இயல் இரண்டு: தரவு

தகவலாளி எங்கள் தெருப் பையன். பொறியியல் முடித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு நன்னிலத்து மாடியறையில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறான். ஆய்வு நெறிப்படி பெயரை மறைத்திருக்கிறேன்; தெருவில் எல்லோருக்கும் தெரியும். குறுவைக்கு நாற்று விடும் கவலையில் இருந்த அவன் அப்பா ஒருநாள் என்னிடம் வந்து, "சார், ராத்திரி முழுக்கப் பாறை உடைக்கிறான் சார். கூலி என்னடான்னு கேட்டா சிரிக்கிறான்" என்றார். கள ஆய்வு அப்படித் தொடங்கியது.

பையன் பாறை உடைப்பது உண்மைதான். கரிய திரையில் ஒரு கப்பல் நிற்கிறது. எதிரே வானத்தில் மிதக்கும் பாறை. கப்பலின் மூக்கிலிருந்து இரண்டு ஒளிக்கற்றைகள் பாறையைத் தொட்டுக்கொண்டே இருக்க, கப்பலின் வயிற்றில் தாது மெள்ள மெள்ள நிரம்புகிறது. வேறொன்றும் நடப்பதில்லை. நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்ப்பதில் இதைவிட விறுவிறுப்பு அதிகம். அந்தத் தாதுவை இன்னொருவர் வாங்கி உருக்குவார். அதில் வேறொருவர் கப்பல் கட்டுவார். அதைச் சந்தையில் மற்றொருவர் வாங்குவார். கம்பெனி தருவது வானமும் விதிகளும். சரக்கு அநேகமாக முழுக்க ஆட்டக்காரர்களின் உழைப்பு. நாணயத்தின் பெயர் ஐ.எஸ்.கே.; ஐஸ்லாந்தின் அசல் நாணயத்துக்கும் அதே சுருக்கெழுத்துதான்.

இனிக் காவல். ஒவ்வொரு மண்டலத்துக்கும் 1.0 முதல் 0.0 வரையிலும் அதற்குக் கீழும் ஒரு பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. 0.5-உம் அதற்கு மேலும் என்றால் 'ஹை செக்', கண்ணியமான வட்டாரம். அங்கே கான்கார்ட் என்ற போலீஸ் உண்டு. அதை யாராலும் வெல்ல முடியாது. தந்திரம் செய்து அதனிடமிருந்து தப்பினால் விதிமீறல் என்று கணக்கையே முடக்கிவிடுவார்கள். இவ்வளவு வல்லமை பொருந்திய போலீசுக்கு ஒரே ஒரு இயல்பு: குற்றம் நடந்த பிறகுதான் வரும். 1.0 மண்டலத்தில் சில வினாடிகளில் வந்துவிடும்; 0.5 மண்டலத்தில் ஏறக்குறைய 20 வினாடி ஆகும். விண்கொள்ளையன் என்பவன் இந்த 20 வினாடிக்குள் குடும்பம் நடத்துகிறவன். தன் கப்பல் நொறுங்கப் போவது நிச்சயம் என்று தெரிந்தேதான் வருகிறான். ஆகவே மலிவான கப்பலில், கூட்டாளிகளோடு வருகிறான்.

நான் கண்ணால் கண்டது இது. கீழே இருந்து அம்மா, "குழம்பு ஆறிப்போவுது, வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போடா" என்று குரல் கொடுத்தார். பையன் கப்பலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினான். நான் திரையின் முன்னால். கொஞ்ச நேரத்தில் மூன்று சிறு கப்பல்கள் திடீரென்று பக்கத்தில் முளைத்தன. ஒளிக்கீற்றுகள் பறந்தன. பையனுடைய கப்பலின் கவசத்தைக் காட்டும் வளையங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. நான் மாடிப்படி வரை போய் "தம்பி!" என்று கூப்பிட்டுத் திரும்புவதற்குள் வெடித்துவிட்டது. அடுத்த கணம் போலீஸ் வந்து அந்த மூன்றையும் பொசுக்கியது. எல்லாம் முடிந்த பிறகு நான்காவதாக ஒரு கப்பல், எந்தக் குற்றமும் செய்யாத முகத்தோடு, நிதானமாக வந்து சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு போனது.

கை கழுவிய ஈரத்தோடு பையன் ஓடிவந்தான். பின்னாலேயே அப்பா.

"போலீஸ் வந்துச்சாடா?"

"வந்துச்சுப்பா. அவனுங்க கப்பல உடைச்சிட்டுது."

"நம்ம கப்பலு?"

"அது போனது போனதுதான். இன்ஷூரன்ஸ் கொஞ்சம் வரும்."

"எப்ப வரும்?"

"வந்துடுச்சு."

அவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இது வேற உலகந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிற மனிதர்.

இயல் மூன்று: கோட்பாடு

கொள்ளையன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஈவ் உலகத்துக் கப்பல் துருப்பிடிக்காது, இற்றுப்போகாது. ஒருமுறை வாங்கினால் பேரன் காலம் வரை ஓடும். ஆயிரக்கணக்கான பேர் இரவு பகலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உடைப்பார் இல்லையென்றால் அது ஊர் முழுக்க அறுவடை செய்து ஒருவரும் சோறு தின்னாத கதைதான். நெல் கிடக்கும், விலை கிடைக்காது. பையனின் தாதுவுக்கு வாங்குவார் இருப்பதே எங்கோ யாரோ யாருடைய கப்பலையோ உடைத்துக்கொண்டிருப்பதால்தான். போரும் உடைக்கிறது, ஆனால் போர் எப்போதாவது வரும். கொள்ளையன் தினமும் கடை திறக்கிறான். உடையும் கப்பலின் சரக்கில் ஏறக்குறைய பாதி அழிந்துவிடும், மீதிதான் பொறுக்குகிறவனுக்கு. ஆக, திருடனைவிட அழிவே பெரிய வாடிக்கையாளர்.

இதை சி.சி.பி. நிறுவனம் நன்றாக உணர்ந்திருந்தது. 2007-இல் எய்யோல்ஃபுர் குத்முன்ட்சன் என்ற அசல் பொருளாதார அறிஞரை, இல்லாத உலகத்தின் விலைவாசியைக் கவனிக்க வேலைக்கு வைத்தது. பிற்பாடு அவர் ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். இந்த ஆய்வாளருக்கு இதில் ஓர் அற்ப நம்பிக்கை உண்டு.

கொள்ளையருக்கு அந்த நிறுவனம் காட்டிய பரிவுக்கு ஒரு சான்று போதும். போலீஸ் சுட்டு அழித்த கப்பலுக்கும், அதை ஓட்டி வந்த கொள்ளையனுக்கு இன்ஷூரன்ஸ் தொகை போய்க்கொண்டிருந்தது. 2011 இறுதியில்தான் நிறுத்தினார்கள். 2012 ஏப்ரலில் கூன்ஸ்வார்ம் என்ற கூட்டணி முன்கூட்டியே தண்டோரா போட்டுவிட்டு, அந்த உலகின் பெரிய சந்தையான ஜிட்டாவுக்குள் புகுந்து சரக்குக் கப்பல்களைக் கொளுத்தியது. கம்பெனி தடுக்கவில்லை, கூட்டம் தாங்குமா என்று சர்வரைத்தான் பலப்படுத்தியது. 2005-இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை, ஆட்டக்காரர்களின் நிறுவனம் ஒன்றுக்குள் ஆட்களை மாதக்கணக்கில் வேலைக்கு வைத்து, நம்பிக்கை பெற்று, ஒரே நாளில் தலைவியைக் கொன்று கிடங்குகளைக் காலி செய்தது. அன்றைய மதிப்பில் சுமார் 16,500 டாலர். அதற்கும் தண்டனை இல்லை. விதியில் இடமிருக்கிறது என்றார்கள்.

ஆனால் இத்துறையின் உண்மையான மேதை, 'ஜேம்ஸ் 315' என்ற புனைபெயர்க்காரர். 2012-இல் இவர் கொள்ளையை நிர்வாகமாக மாற்றினார். ஹை செக் முழுதும் தனக்குச் சொந்தம் என்று அறிவித்தார். பாறை உடைப்பவர்கள் ஆண்டுக்கு 1 கோடி ஐ.எஸ்.கே. கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கப்பலை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது, முகவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும். மீறினால் கப்பல் போகும். சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. காவலுக்குக் கூலி சரி. யாரிடமிருந்து காவல் என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை.

இயல் நான்கு: முன்னோடிகள்

இத்தனையும் ஐஸ்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைப்பது நம் தாழ்வு மனப்பான்மை. விண்கொள்ளைக் கூட்டத்தின் அமைப்பு முறையைக் காவிரி டெல்டா எப்போதோ வகுத்துவிட்டது. திருமங்கையாழ்வார் சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்தவர். குமுதவல்லியை மணக்க ஓராண்டு தினமும் 1008 வைணவர்களுக்கு அன்னமிட வேண்டும் என்பது நிபந்தனை. கையிருப்பு தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கினார். அவருடைய கூட்டாளிகள் நால்வரைப் பாருங்கள்: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன்.

ஈவ் ஆடும் எவரிடமும் இந்தப் பட்டியலைக் காட்டலாம். பாதையில்லாத இடத்திலும் விரைந்து இரையை மறிப்பவன் ஒருவன். கண்ணுக்குத் தெரியாத கப்பலில் ஒளிந்து உளவு பார்ப்பவன் ஒருவன். ஊதியே பூட்டைத் திறக்கும் மூன்றாமவனை 'எலீட் டேஞ்சரஸ்' விளையாட்டில் எந்திரமாகவே விற்கிறார்கள். எதிரிக் கப்பலின் சரக்கறைக் கதவை நெம்பித் திறக்கும் சிறு கருவி அது. வாதத்தில் தோற்காத நான்காமவன்தான் பிணைத்தொகை பேசுபவன். இவன் இல்லாத கூட்டம் வெறும் கொலைகாரக் கூட்டம் என்பதே துறையறிஞர் முடிவு.

மணக்கோலத்தில் வந்த பெருமாளை ஆழ்வார் மறித்து நகைகளைக் கழற்றிய கதை தெரிந்ததே. கால்விரல் அணி வராமல் பல்லால் கடித்து எடுத்தார். ஆனால் கட்டிய மூட்டையைத் தூக்க முடியவில்லை. இத்தருணத்தை உரையாசிரியர்கள் பக்தி நோக்கில் மட்டுமே விளக்கியிருக்கிறார்கள். சரக்குக் கொள்ளளவுச் சிக்கல் என்ற கோணத்தில் யாரும் அணுகவில்லை. தாக்கும் கப்பலில் இடம் இருக்காது. பொறுக்க நான்காவது கப்பல் தனியே வருவது அதனால்தான்.

உளவுக்கும் உள்ளூர்ச் சான்று உண்டு. நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து திருவரங்கம் போகும் வழியில், ஆழ்வார் அதைத் திருக்கண்ணங்குடி வயலில் புதைத்துவிட்டு, களைப்பில் ஒரு புளியமரத்தைக் காவல் வைத்துத் தூங்கினார் என்பது வழக்கு. உழவர்கள் ஏர் கட்டி வந்ததும் மரம் இலைகளை அவர்மேல் உதிர்த்து எழுப்பியது. உறங்காப் புளி என்று பெயர். இன்றைய கொள்ளையர்கள் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, அதைச் சந்தியில் சும்மா நிறுத்தி வைக்கிறார்கள். மாதச் சந்தா வேறு கட்டுகிறார்கள். புளியமரத்துக்குச் சந்தா இல்லை.

பறிகொடுத்தவன் தரப்புக்கு முன்னோடி சுந்தரர். நன்னிலத்துப் பெருங்கோயிலைப் பாடியவர் என்பதால் எல்லைக்கு உட்பட்டவர். சேரமான் பெருமாள் தந்த பொன்னும் பொருளுமாகத் திரும்பி வந்தவரைத் திருமுருகன்பூண்டியில் வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்தார்கள். சுந்தரர் நேரே கோயிலுக்குப் போனார். இப்படிப் பறிக்கிற ஊரில் நீர் எதற்குக் குடியிருக்கிறீர் என்று பதிகம் முழுக்கக் கேட்டார். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதப்பட்ட முதல் புகார் மனு இதுவே என்பது என் துணிபு. மனுவைப் பெற்றவரே வேடர்களை அனுப்பியவர் என்பதும் பொருந்துகிறது. வந்தவர்கள் சிவனுடைய பூதகணங்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சுந்தரருக்குப் பொருள் திரும்பக் கிடைத்தது.

இப்போது ஐஸ்லாந்து. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அப்போது ஐஸ்லாந்து டென்மார்க்கின் கீழ் இருந்தது. யோன் ஓலாஃப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1622-இல் கப்பலேறி அந்தக் கோட்டையில் சிப்பாயாக இருந்து, முதுமையில் தன் நினைவுகளை எழுதினார். பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது ஏறக்குறைய நின்றே போன காலத்தில், கோட்டைக்காரர்கள் வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்துத்தான் பிழைத்தார்கள். முகலாயரோடு அந்தத் தகராறு 1642 தொடங்கி 1698 வரை இழுத்தது. கற்றுக்கொண்டு போனார்களா, கொண்டுவந்து கொடுத்தார்களா என்பதை அடுத்த ஆய்வாளர் தீர்க்கட்டும்.

இயல் ஐந்து: மறுப்பும் முடிவும்

கொள்ளையனே இல்லாத வானம் வேண்டும் என்பார் உண்டு. 2014-இல் வந்த எலீட் டேஞ்சரஸ் அந்த வசதியைத் தந்தது: எல்லோரும் உலவும் வெளியிலும் ஆடலாம், அதே வானத்தில் தனியாகவும் ஆடலாம். வியாபாரிகள் பலர் தனிவழியே போனார்கள். கொள்ளையர்கள் வெறும் வீதியில் நின்று, 'ஆள் நடமாட்டமே இல்லை' என்று அங்கலாய்த்தார்கள்.

எதிர்த்திசையிலும் சோதித்தார்கள். காவலே இல்லாத 0.0 பகுதியில், மண்டலத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பெயர்ப் பட்டியலை 2019 ஜூலையில் சி.சி.பி. மறைத்தது. வேட்டைக்காரர்களுக்குத் தீபாவளி. ஆனால் இரைகள் கப்பலை வெளியே எடுக்கவே இல்லை; பலர் விளையாட்டையே மூடிவைத்தார்கள். செப்டம்பரில் பட்டியலைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே தீர்ப்பு: கொள்ளையன் தேவை. பறிகொடுத்தவன் மறுநாளும் கப்பல் வாங்குகிற அளவுக்கு மிச்சம் வைக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். சுடுவதற்குமுன் விலை பேசாதவனுக்கு இந்த ஆய்வில் இடமில்லை. 0.5 மண்டலத்தில் பாறை உடைக்கும் அன்பர்கள், அம்மா கூப்பிட்டால் முதலில் கப்பலை நிலையத்தில் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போகவும். மேற்கொண்டு கள ஆய்வு செய்ய விரும்புவோர், பங்குனி உத்திரத்தை ஒட்டித் திருநகரிப் பக்கம் நடக்கும் வேடுபறி உற்சவத்துக்குப் போகலாம். சீர்காழியில் இறங்கினால் பஸ் உண்டு. நகை போட்டுக்கொண்டு போவது அவரவர் பொறுப்பு.